டீச்சர்லேர்ந்து அசிஸ்டன்ட் பிரின்சிபல் ஆகுறதுக்குள்ள: நியூயார்க்ல நான் பட்டதும் கத்துக்கிட்டதும்

நியூயார்க் சிட்டி பப்ளிக் ஸ்கூல்ல, அதாவது அரசு ஸ்கூல்ல, டீச்சரா இருக்குற தமிழ் ஆளுங்களே கொஞ்சம் பேர்தான், அதுல அசிஸ்டன்ட் பிரின்சிபல் ஆகணும்னு ஆசைப்படுறவங்க அதைவிட கம்மி, அதனால இந்த வழில போறவங்களுக்கு பக்கத்துல உக்காந்து கேக்கறதுக்கு ஆள் கெடைக்கறதில்ல. எனக்கும் கெடைக்கல. நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு, கிட்டத்தட்ட 33,000 டாலர் கடன், சம்மர் லீவெல்லாம் போச்சு, புள்ளைங்களோட இருந்திருக்க வேண்டிய சாயங்காலங்களும் போச்சு. இப்ப நான் ஏ.பி., அதான் அசிஸ்டன்ட் பிரின்சிபல், ஆயிட்டேன், ஆனா இவ்ளோ அலைச்சலும் செலவும் தேவையே இல்லாம இதே எடத்துக்கு வந்திருக்கலாம், அதான் உக்காந்து எழுதுறேன். இந்தியாலேர்ந்து வந்தவங்க மட்டும் இல்ல, கயானாலேர்ந்து, பங்களாதேஷ்லேர்ந்து, டொமினிகன்லேர்ந்து வந்து டீச்சரா இருக்குற என் ஃப்ரெண்ட்ஸ் கதையும் பெரும்பாலும் இதேதான்.

நான் திருச்சில எம்.எஸ்ஸி மேத்ஸ், பி.எட். கல்யாணம் ஆகி இங்க வந்து கொஞ்ச வருஷம் வீட்டுக்காரர் வேலை விசாவோட ஒட்டி வர்ற ஹெச்4 விசால வீட்டுலயே இருந்தேன், கிரீன் கார்டு வந்ததுக்கு அப்புறம்தான் டீச்சர் சர்டிஃபிகேட் வாங்கி நியூயார்க் நகரத்தோட ஒரு பகுதியான பிராங்ஸ்ல ஒரு மிடில் ஸ்கூல்ல சேந்தேன். நியூயார்க் நகரத்து பப்ளிக் ஸ்கூல்ல படிக்கிற புள்ளைங்கள்ல பத்துக்கு நாலு பேர் லத்தீன் அமெரிக்க குடும்பம், அப்புறம் கறுப்பினப் புள்ளைங்க, ஆசியப் புள்ளைங்க, வெள்ளைக்காரப் புள்ளைங்க கடைசிலதான் வருவாங்க. ஆனா நாடு பூரா எடுத்துப் பாத்தா 2020-21 கணக்குப்படி பப்ளிக் ஸ்கூல் டீச்சர்ஸ்ல 80 சதவீதம் வெள்ளைக்காரங்க, 9 சதவீதம் ஹிஸ்பானிக், 6 சதவீதம் கறுப்பினத்தவர், ஆசியர்கள் 2 சதவீதம். பிரின்சிபல்ல 77 சதவீதம் வெள்ளைக்காரங்க, ஆசியர்கள் நூத்துக்கு ஒருத்தர்ங்கற அளவுலதான். நான் சேந்த ஸ்கூல்ல பிரின்சிபல், ஏ.பி.ன்னு பொறுப்புல இருந்த யாருக்குமே பசங்க வீட்டுல பேசுற மொழி ஒண்ணு கூட தெரியாது.

ஒரு வருஷம் எங்க பகுதி ஸ்கூல்களை நடத்துற டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்லேர்ந்து ஒரு மீட்டிங் வெச்சாங்க, நம்ம புள்ளைங்க மாதிரியே இருக்குற தலைவர்கள் வேணும், சிறுபான்மை டீச்சர்ஸ் முன்னாடி வாங்கன்னு. எனக்கு உள்ளுக்குள்ள அவ்ளோ சந்தோஷம். எங்க கிளாஸ்ல ஒரு பங்களாதேஷ் பொண்ணு, மிஸ் நீங்க பிரின்சிபல் ஆவீங்களான்னு அடிக்கடி கேப்பா, அவ மொகம்தான் ஞாபகம் வந்துச்சு. மீட்டிங் முடிஞ்சு வாசல்ல நாலஞ்சு காலேஜ்காரங்க மேஜை போட்டு பிரோஷர் வெச்சிருந்தாங்க. கூப்பிடுறவங்க ஒருத்தர், சொல்லிக்குடுத்து காசு வாங்குறவங்க வேற ஒருத்தர், வேலை குடுக்குறவங்க மூணாவது ஆள், இந்த மூணு பேருக்கும் ஒருத்தருக்கொருத்தர் எந்தப் பொறுப்பும் கெடையாதுங்கறத அன்னைக்கு யாராவது சொல்லியிருந்தா போதும், பாதி கஷ்டம் மிச்சமாயிருக்கும்.

மொதல்ல படிப்பு. நியூயார்க் மாநிலத்துல ஏ.பி. ஆகணும்னா ஸ்கூல் பில்டிங் லீடர்னு ஒரு சர்டிஃபிகேட் வேணும், எஸ்.பி.எல்.னு சொல்லுவாங்க. அதுக்கு மாஸ்டர்ஸ் டிகிரி, மூணு வருஷ டீச்சிங் அனுபவம், மாநிலம் அங்கீகரிச்ச புரோகிராம், அதுக்குள்ள இன்டர்ன்ஷிப், ரெண்டு பார்ட்டா ஒரு பரீட்சை. எங்க ஊர் டிகிரி இங்கத்த டிகிரிக்கு சமமான்னு பாக்குற எவாலுவேஷனுக்கு அனுப்பணும், மார்க் ஷீட் யூனிவர்சிட்டிலேர்ந்து சீல் வெச்ச கவர்ல நேரா வரணும், அதுக்கு எங்கப்பா அந்த வயசுல திருச்சில கௌன்டர் கௌன்டரா நின்னாரு, அதுலயே ஒரு செமஸ்டர் அட்மிஷன் தள்ளிப்போச்சு. டீச்சர் வேலைக்கு சேரும்போதே ரெண்டு காப்பி சீல் கவரா வாங்கி பிரிக்காம வெச்சுக்கோங்க. நான் சேந்தது ஒரு பிரைவேட் காலேஜ், பேரு வேணாம், படிப்பை அளக்குற கணக்கான கிரெடிட் ஒண்ணுக்கே ஆயிரம் டாலருக்கு மேல, அது மாதிரி 30 கிரெடிட். இதே சர்டிஃபிகேட்டுக்கு சிட்டி யூனிவர்சிட்டி காலேஜ்கள்ல, க்யூனின்னு சொல்லுவாங்க, மாநிலத்துல இருக்குறவங்களுக்கு கிரெடிட் 470 டாலர்தான், 30-க்கும் போட்டாலும் 14,100. இன்டர்வியூல என்னை எந்த காலேஜ்னு ஒருத்தர் கூட கேக்கல. சர்டிஃபிகேட் இருக்கான்னு மட்டும்தான் பாத்தாங்க.

கடன் விஷயத்துல இன்னும் வயித்தெரிச்சல். காலேஜ் ஆபீஸ்ல ஒரு பேங்க் லோன் ஃபார்ம்தான் எடுத்து நீட்டினாங்க. கிரீன் கார்டு இருந்தாலே ஃபெடரல் லோனுக்கு அப்ளை பண்ணலாம், அரசு ஸ்கூல்ல முழுநேரம் வேலை பாத்துக்கிட்டே 120 மாசத் தவணை ஒழுங்கா கட்டினா மிச்சத்தை தள்ளுபடி பண்ற பப்ளிக் சர்வீஸ் லோன் ஃபர்கிவ்னஸ் திட்டம் இருக்கு, ஆனா அது ஃபெடரல் டைரக்ட் லோனுக்கு மட்டும்தான், பேங்க்ல வாங்குனதுக்கு கெடையாது. இதை என்கிட்ட சொன்னது காலேஜ் இல்ல, கடன் வாங்கி ரொம்ப நாள் கழிச்சு டீச்சர்ஸ் ரூம்ல ஒருத்தங்க சாப்பிட்டுக்கிட்டே சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. நீங்க சேர்றதுக்கு முன்னாடி யூனியன்ல போய் கேளுங்க, டீச்சர்ஸ் யூனியன் யு.எஃப்.டி.ல இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க, அதோட அந்த கிரெடிட்டெல்லாம் உங்க சம்பள டிஃபரன்ஷியலுக்கு சேருமான்னும் அங்கேயே கேட்டுடுங்க, மாஸ்டர்ஸுக்கு மேல 30 கிரெடிட் சேந்தா சம்பளம் ஏறும், அது நீங்க ஏ.பி. ஆகுறீங்களோ இல்லையோ வரக்கூடிய காசு.

அப்புறம் இன்டர்ன்ஷிப். நூத்துக்கணக்கான மணி நேரம், சம்பளம் கெடையாது, நம்ம கிளாஸையும் முழுசா எடுத்துக்கிட்டே செய்யணும். ஸ்கூல் நேரத்துக்கு அப்புறம் வேலை பாக்கறதுக்கு எனக்கு வந்துட்டிருந்த பெர் செஷன் காசு போச்சு, சின்னவனுக்கு டேகேர் நேரம் கூட்டி அதுக்கு தனியா காசு. ஆனா நான் இங்க முக்கியமா சொல்ல வர்றது, அந்த நேரத்துல எனக்கு என்ன வேலை குடுத்தாங்கங்கறதுதான். லஞ்ச் டைம்ல கஃபட்டேரியா பாத்துக்கறது, காரிடார்ல நிக்கறது, தீபாவளி வந்தா அசெம்பிளி நடத்தறது, அப்புறம் மொழிபெயர்ப்பு. பிராங்ஸ்ல பார்க்செஸ்டர் பக்கம் பங்களாதேஷ் குடும்பங்கள் ஜாஸ்தி, யாராவது பேரன்ட் வந்துட்டா ஆபீஸ்லேர்ந்து எனக்கு ஃபோன் வரும், வந்து பேசுங்கன்னு. எனக்கு பெங்காலி ஒரு வார்த்தை தெரியாது. தமிழ் தெரியும், ஹிந்தி தட்டுத்தடுமாறி வரும். ஒவ்வொரு தடவையும் இதை சொல்லிக்கிட்டே இருந்தேன், ஆனாலும் ஃபோன் வந்துக்கிட்டே இருந்துச்சு, நானும் போய் அந்தம்மா பக்கத்துல உக்காந்து லைன்ல இன்டர்பிரட்டர் கெடைக்கிற வரைக்கும் கையைப் புடிச்சிட்டு இருப்பேன், ஏன்னா அவங்க பயந்து போய் உக்காந்திருப்பாங்க. அந்த வேலையை நான் மனசாரதான் செஞ்சேன். ஆனா ரெஸ்யூமேல போட முடியாத வேலை அது. கறுப்பின டீச்சர்ஸுக்கு வேற மாதிரி, அடங்காத பசங்களையெல்லாம் அவங்க ரூமுக்கு அனுப்பிடுவாங்க, வருஷக்கணக்கா ஒழுக்கம் பாத்துக்கறதே அவங்க வேலையாயிடும். 2016-ல அமெரிக்க கல்வித்துறை செயலாளரா இருந்த ஜான் கிங் இதை கண்ணுக்குத் தெரியாத வரின்னு எழுதினாரு, அவரே கறுப்பின ஆசிரியரா இருந்து வந்தவர்.

அதனால இன்டர்ன்ஷிப் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பிரின்சிபல்கிட்ட உக்காந்து என்னென்ன வேலைன்னு எழுதி வாங்கிக்கோங்க. வேற டீச்சர்ஸோட கிளாஸ்ல போய் உக்காந்து பாத்து ஃபீட்பேக் குடுக்குறது, கிரேடு டீம் மீட்டிங் நடத்துறது, டெஸ்ட் கோஆர்டினேஷன், ஸ்பெஷல் எஜுகேஷன் டைம்டேபிள், பட்ஜெட் மீட்டிங்ல உக்கார்றது, இதுல ரெண்டு மூணாவது கண்டிப்பா இருக்கணும். பின்னாடி இன்டர்வியூல இதைப் பத்திதான் கேப்பாங்க. மத்த வேலையை செய்யாதீங்கன்னு சொல்லல, செய்யறதுக்கு ஒரு பேரும் நேரமும் கேளுங்க. பேரன்ட் அவுட்ரீச் லீட்னு ஒரு பொறுப்பா எழுதிக் குடுக்க சொல்லி கேட்டா பெரும்பாலும் குடுத்துடுவாங்க, அவங்களுக்கு அதுல செலவில்ல.

பரீட்சை பத்தி பெருசா ஒண்ணும் இல்ல, ரெண்டு பார்ட்டுக்கும் தனித்தனியா ஃபீஸ், கேஸ் ஸ்டடி நெறைய எழுதணும், டைப்பிங் வேகம் வேணும். அதுல பாஸ் பண்ணி காலேஜ் பரிந்துரையோட அப்ளை பண்ணா சர்டிஃபிகேட் வந்துடும். மொதல்ல குடுக்குறது இனிஷியல் சர்டிஃபிகேட், அஞ்சு வருஷம்தான் செல்லும்ங்கறத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

வேலை தேடுறதுதான் என்னை ஒடச்சது. இங்க ஏ.பி., பிரின்சிபல் போஸ்ட்டெல்லாம் சி-30ன்னு ஒரு விதிமுறைப்படி போடுவாங்க. போஸ்டிங் வரும், அப்ளை பண்ணணும், அப்புறம் பேரன்ட்ஸ், டீச்சர்ஸ், யூனியன் ஆளுங்கன்னு ஒரு கமிட்டி இன்டர்வியூ பண்ணும், அது லெவல் ஒன். அவங்க கருத்தை வெச்சுக்கிட்டு ஏ.பி. போஸ்ட்டுக்கு பிரின்சிபல் ஆளை எடுப்பாரு. பேப்பர்ல பாக்க ரொம்ப நியாயமான முறை. ஆனா நெறைய எடத்துல அந்த போஸ்ட்டுல ஏற்கெனவே ஒருத்தர் தற்காலிகமா வேலை பாத்துட்டிருப்பாரு, நம்ம போய் பதில் சொல்லிட்டு வருவோம். ஒரு ஸ்கூல்ல நான் வெயிட் பண்ணிட்டிருந்தப்ப ஆபீஸ்ல ஒரு பையன் உள்ள இருந்தவரை ஏ.பி.ன்னே கூப்பிட்டுட்டுப் போனான், அவரும் அன்னைக்கு இன்டர்வியூக்கு வந்த ஆள். சப்வேல திரும்பி வரும்போது அழுதேன். பாதி எடத்துலேர்ந்து பதிலே வராது. பதில் வந்தா, நல்ல கேண்டிடேட், லீடர்ஷிப் பிரசன்ஸ் இன்னும் வேணும்னு வரும். அப்படின்னா என்னன்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியல. என் ஆக்சென்ட்டா, குரலா, உயரமா, என்னன்னு ராத்திரியெல்லாம் யோசிப்பேன். அம்மா ஃபோன்ல, ஏன்டி பாப்பா இப்படி ஒடம்பை கெடுத்துக்கற, இருக்கற வேலைக்கு என்ன கொறச்சல்னு கேப்பாங்க. வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லமாட்டாரு, ஆனா மாசாமாசம் லோன் கட்டறப்ப அவர் மொகத்தைப் பாக்க எனக்கு கஷ்டமா இருக்கும்.

அந்த சமயத்துல ஒரு டிரெயினிங்ல ரிட்டயர்டான ஒரு கறுப்பின பிரின்சிபல் அம்மாவை சந்திச்சேன். பிராங்ஸ்லயே முப்பது வருஷத்துக்கு மேல இருந்தவங்க. நான் என் கதையை சொன்னதும் அவங்க எனக்கு ஆறுதல் சொல்லல, சரித்திரம் சொன்னாங்க. 1954-ல பள்ளிக்கூடத்துல இனப்பிரிவு செல்லாதுன்னு பிரௌன் தீர்ப்பு வந்துச்சு இல்ல, அதுக்கப்புறம் தெற்குல கறுப்பினப் பள்ளிகளை மூடி புள்ளைங்களை வெள்ளைக்காரப் பள்ளிகள்ல சேத்தப்ப அந்தப் பள்ளிகளோட டீச்சர்ஸையும் பிரின்சிபல்களையும் சேத்துக்கல, 1965-க்குள்ள 17 மாநிலங்கள்ல சுமாரா 38,000 பேர் வேலை போச்சு. நியூயார்க்லயும் 1971 வரைக்கும் போர்டு ஆஃப் எக்ஸாமினர்ஸ்னு நகரத்தோட தேர்வு வாரியம் நடத்தற பரீட்சைல பாஸ் ஆனாத்தான் பிரின்சிபல், அப்ப இந்த மொத்த நகரத்துலயும் லைசென்ஸ் உள்ள பிரின்சிபல்ல கறுப்பினத்தவர் 11 பேர், போர்ட்டோ ரிக்கோகாரர் ஒரே ஒருத்தர். தற்காலிக பிரின்சிபலா இருந்த பாஸ்டன் சான்ஸ், லூயிஸ் மெர்காடோன்னு ரெண்டு பேர் கேஸ் போட்டு, இந்தப் பரீட்சை பாகுபாடு காட்டுதுன்னு ஃபெடரல் கோர்ட்ல தடை வாங்கினாங்க. அவங்க போராடலேன்னா நான் அந்த நாற்காலில உக்காந்திருக்கவே முடியாதுன்னு அந்தம்மா சொன்னாங்க. கேட்டப்ப எனக்கு சிலிர்த்துடுச்சு. நமக்கெல்லாம் இந்தக் கதவு தானா தொறந்து இருந்த மாதிரி நாம வர்றோம், அதை யார் தொறந்தாங்கன்னு தெரிஞ்சுக்கணும்.

அவங்க சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு வழி காட்டுச்சு. பரீட்சை போச்சு, ஆனா அதோட எடத்துல வந்து உக்காந்தது தோள்ல தட்டிக் கூப்பிடுறதுன்னாங்க. ஒரு டீச்சரைப் பாத்து பிரின்சிபல், நீ இதுக்கு சரியான ஆளு, வான்னு கூப்பிட்டு பொறுப்பு குடுத்து, பக்கத்து ஸ்கூல் பிரின்சிபல்கிட்ட ஃபோன் பண்ணி சொல்லணும், அப்பதான் அப்ளிகேஷனுக்கு உயிர் வரும். நான் அப்புறமா தேடிப் படிச்சேன், ஃப்ளோரிடா மாநிலத்து மயாமி-டேட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டைப் பத்தி 2011-ல வெளியான ஆய்வுலயும் இதேதான் வந்திருக்கு, அப்படி கூப்பிடப்படுறது ஆம்பளைங்களுக்கும், பிரின்சிபலோட சொந்த இனத்து டீச்சர்ஸுக்கும் ஜாஸ்தி நடக்குது. யாரும் கெட்ட எண்ணத்துல செய்யறதில்ல, தன்னை மாதிரி இருக்கறவங்ககிட்ட தன் இளமைக்காலம் தெரியும், அவ்ளோதான். ஆனா பிரின்சிபல்ல 77 சதவீதம் ஒரே இனமா இருந்தா அடுத்த தலைமுறையும் எப்படி இருக்கும்னு நீங்களே கணக்கு போட்டுக்கலாம்.

அடுத்த வாரமே என் பிரின்சிபல்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கி உக்காந்தேன். எனக்கு ஏ.பி. ஆகணும், நீங்க யாருக்கெல்லாம் என்னைப் பத்தி சொல்ல முடியும்னு நேராவே கேட்டேன். அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாரு, நீ கிளாஸ்ரூம்ல சந்தோஷமா இருக்கேன்னுதான் நெனச்சேன்னாரு. என் இன்டர்ன்ஷிப் பேப்பர்ல கையெழுத்து போட்டதே அவர்தான். நல்ல மனுஷன், ஆனா அவர் மனசுல இருந்த வரிசைல நான் இல்லவே இல்ல. அதுக்கப்புறம் ஏழாங்கிளாஸ் டீம் லீட் குடுத்தாரு, நான் செஞ்சிட்டிருந்த பேரன்ட் வேலையையும் ஒரு பொறுப்பா எழுதிக் குடுத்தாரு, ஸ்கூல் லீடர்ஷிப் டீம் எலெக்‌ஷன்ல நான் நின்னேன், அந்த டீம்ல பேரன்ட்ஸும் ஸ்டாஃபும் சரிசமமா இருப்பாங்க, பேரன்ட்ஸ் முன்னாடி பேசிப் பழகறதுக்கு அதைவிட நல்ல எடம் கெடையாது. அந்த ரிட்டயர்டு அம்மா எனக்கு வீடியோ கால்ல மாக் இன்டர்வியூ எடுத்தாங்க. கிளாஸ் வீடியோ ஒண்ணு போட்டு, பாத்ததை மட்டும் எழுது, உன் அபிப்பிராயத்தை எழுதாதே, அப்புறம் அந்த டீச்சர்கிட்ட என்ன பேசுவேன்னு பேசிக் காட்டுன்னுவாங்க. நெஜ இன்டர்வியூல இது கண்டிப்பா இருக்கும், கூடவே மார்க் டேட்டா ஒண்ணு குடுத்து என்ன செய்வீங்கன்னு கேப்பாங்க. இதுக்கு ஆள் வெச்சு வாய்விட்டுப் பழகணும், மனசுக்குள்ள பழகுனா பத்தாது.

எனக்கு வேலை கெடைச்ச இன்டர்வியூல ஒரு டொமினிகன் அம்மா கமிட்டில இருந்தாங்க. ஸ்பானிஷ்ல கேட்டாங்க, ஒருத்தர் மொழிபெயர்த்தாரு, என் பையன் சண்டை போட்டா மொதல்ல எனக்கு ஃபோன் பண்ணுவீங்களா, இல்ல சஸ்பெண்ட் பண்ணிட்டு பண்ணுவீங்களான்னு. நான் பெங்காலி தெரியாம கையைப் புடிச்சிட்டு உக்காந்திருந்த அந்த அம்மாக்களைப் பத்தி சொன்னேன், அப்புறம் நாங்க லீடர்ஷிப் டீம்ல சண்டை வந்த அன்னைக்கே வீட்டுக்கு அவங்க மொழில ஃபோன் போகணும்னு கொண்டுவந்த வழக்கத்தைப் பத்தியும் சொன்னேன். இத்தனை வருஷம் கணக்குல சேராத வேலைன்னு நெனச்சதுதான் அன்னைக்கு கணக்குல சேந்துச்சு, ஆனா அது ஒரு பொறுப்பா எழுத்துல இருந்ததாலதான் சொல்ல முடிஞ்சது.

வேலை ஆஃபர் வந்த சந்தோஷத்துல உடனே சரின்னு சொல்லிடாதீங்க. ஏ.பி. ஆனதும் யு.எஃப்.டி.லேர்ந்து பிரின்சிபல், ஏ.பி.க்களோட யூனியனான சி.எஸ்.ஏ.வுக்கு மாறிடுவோம், புரொபேஷன் புதுசா ஆரம்பிக்கும், டீச்சரா ஏற்கெனவே டென்யூர், அதாவது வேலை நிரந்தரம், இருந்தா அந்த வேலைக்கு திரும்பிப் போற உரிமை என்னன்னு ரெண்டு யூனியன்லயும் கேட்டு எழுத்துல வாங்கிக்கணும். உங்க வேலை எதுன்னும் கேளுங்க. டிசிப்ளின் மட்டும் பாக்குற ஏ.பி.யா வெச்சா டீச்சிங் பக்கம் அனுபவமே வராது, பின்னாடி பிரின்சிபலுக்கு போறப்ப அதே குறை சொல்லித் தள்ளுவாங்க. டெக்சஸ்ல 2001-லேர்ந்து 2017 வரைக்கும் நாலாயிரத்து சொச்சம் ஏ.பி.க்களை வெச்சு செஞ்ச ஆய்வுல, அதே தகுதி இருந்தும் கறுப்பின ஏ.பி.க்கு பிரமோஷன் கெடைக்கிற வாய்ப்பு 18 சதவீதம் கம்மின்னு வந்திருக்கு. ஏ.பி. ஆனதோட வழி முடியறதில்லன்னு தெரிஞ்சு சேருங்க. நான் மேத்ஸ் டிபார்ட்மென்ட் மேற்பார்வையும் வேணும்னு கேட்டு வாங்கினேன்.

ஆள் எடுக்குற எடத்துல இருக்குறவங்க யாராவது படிச்சா அவங்களுக்கும் ஒண்ணு. மீட்டிங் வெச்சு முன்னாடி வாங்கன்னு சொல்றது ஆள் எடுக்கறது ஆகாது. இன்டர்ன்ஷிப்புக்கு சம்பளம் குடுங்க, இல்லேன்னா பீரியட் கம்மி பண்ணுங்க. கடன் வாங்க முடிஞ்சவங்க மட்டும்தான் இப்ப இந்த வழில வர்றாங்க. மிசௌரி, டென்னசி மாநிலங்கள்ல செஞ்ச ஆய்வுல கறுப்பின பிரின்சிபல் இருக்குற ஸ்கூல்ல கறுப்பின டீச்சர்ஸை சேக்கறதும் அவங்க நிலைச்சு இருக்கறதும் ஜாஸ்தின்னு தெரிஞ்சிருக்கு, அப்ப ஒரு ஆளை மேல கொண்டுவந்தா பின்னாடி பல பேர் வருவாங்க. என் டிபார்ட்மென்ட்ல இப்ப ஒரு கயானா டீச்சர் இருக்காங்க, அவங்க தாத்தாவோட தாத்தா மெட்ராஸ்லேர்ந்து கப்பல்ல கரும்புத் தோட்டத்துக்கு போனவராம். போன மாசம் நானே போய் கேட்டேன், நீங்க எஸ்.பி.எல். பண்ணணும், யோசிச்சிருக்கீங்களான்னு. யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லன்னாங்க.

கடைசியா, இப்ப அப்ளை பண்ணிட்டிருக்கறவங்களுக்கு. போஸ்டிங் வசந்தகாலத்துலேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் ஜாஸ்தி வரும். ரெஸ்யூமே அனுப்பறதுக்கு முன்னாடி அந்த ஸ்கூல் எப்படி நடக்குதுன்னு சொல்ற குவாலிட்டி ஸ்னாப்ஷாட்ங்கற அறிக்கையும் டீச்சர்ஸ், பேரன்ட்ஸ் எழுதின ஸ்கூல் சர்வே ரிசல்ட்டும் ஆன்லைன்ல யார் வேணா பாக்கலாம், படிச்சுட்டு போங்க, அதுல டீச்சர்ஸ் பிரின்சிபலை நம்பறாங்களான்னு ஒரு பகுதி இருக்கு. அது ரொம்ப கம்மியா இருக்குற எடத்துக்கு மொத ஏ.பி. வேலைக்கு போகாதீங்க, லோன் எவ்ளோ இருந்தாலும் சரி.